பாட்டு முடிஞ்ச இடத்துல நின்ன ஆடு

மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒச்சப்பன்னு ஒருத்தன் இருந்தான், அவனுக்கு விருமாயின்னு ஒரு பொண்டாட்டி இருந்தா, அவங்களுக்கு ஒரு வயலு, ஒரு கயித்துக் கட்டிலு, வெள்ளச்சின்னு ஒரு ஆடு. அவ்வளவுதான் சொத்து. போர்வையை இழுக்காம கேளுங்க.

ஒச்சப்பன் நல்லவன். பொய் சொல்ல மாட்டான், அடுத்தவன் பொருளைத் தொட மாட்டான், பெரியவங்களைக் கண்டா துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்குவான். ஆனா சோம்பேறி. நின்னா உக்காரலாமான்னு பாப்பான், உக்காந்தா சாயலாமான்னு பாப்பான், சாஞ்சா தூங்கலாமான்னு பாப்பான். என்ன பரமா சிரிக்கிற, உன்னைய ஒண்ணும் சொல்லலடா.

அவன் வயலு மூணு கயிறு அகலம், நாலு கயிறு நீளம். அந்தக் காலத்துல நிலத்தைக் கயித்தாலதான் அளப்பாங்க, ஒரு கயிறுன்னா நல்ல நீளமான கயிறு. வீட்டுக்குப் போற பாதை வயலோட ஒரு மூலையில, தண்ணி திறந்து விடுற வாமடை எதிர்மூலையில. எல்லாரும் வாமடையை அடைச்சுட்டு, வரப்பு மேல மூணு கயிறு நடந்து, திரும்பி நாலு கயிறு நடந்து வீட்டுக்குப் போவாங்க. ஒச்சப்பன் போவானா? நாத்து நின்னா வேற வழியில்லாம வரப்புல போவான். அறுப்பு முடிஞ்சு வயலு சும்மா கிடந்துச்சுன்னா மூலைக்கு மூலை குறுக்க இறங்கி நடப்பான். கால்ல அறுத்த நெல்லுத் தாளு குத்தும், சேறு ஒட்டும், அதைப் பத்திக் கவலையில்ல, தூரம் கொறஞ்சாப் போதும் அவனுக்கு.

அப்படி நடக்கும்போது சும்மா நடக்க அலுப்பா இருக்கும்ல, அதனால வெள்ளச்சிக்குன்னு ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். இழுத்து இழுத்துப் பாடுற பாட்டு. ஒரு வரி பாடி முடிச்சா ஒரு கயிறு தூரம் போயிருப்பான், வருசக்கணக்காப் பாடி அவன் காலும் வாயும் அப்படிப் பழகிப் போச்சு. சின்ன வரப்புல போனா மூணு வரி, பெரிய வரப்புல போனா நாலு வரி, ஆக ஏழு. குறுக்க போனா அஞ்சே வரி. 'கூட வாடி வெள்ளச்சி, கொழுந்து ஒடிச்சுத் தாரேன்'னு அஞ்சாவது வரி முடியும், அங்க மூலையில ஒரு அகத்தி நிக்கும், ஒரு கொத்து ஒடிச்சு ஆட்டுக்குப் போடுவான். ஆறாவது வரின்னு ஒண்ணு கட்டவே இல்ல. எதுக்குக் கட்டணும், அதுக்குள்ள வயலு முடிஞ்சு போகுதே.

விருமாயி அப்படி இல்ல, சுறுசுறுப்பானவ. வரப்பு இருக்குறது எதுக்கு, மனுசங்க மாதிரி நடங்கன்னு திட்டுவா. இவன் சிரிச்சுக்கிட்டே போயிருவான். விருமாயி ஏழு வரி நடந்து வந்து சேரும்போது இவன் அகத்தி அடியில உக்காந்திருப்பான்.

அப்புறம் என்னாச்சுன்னா, அந்த நாட்டு ராசா ஒரு பெரிய ஏரி வெட்டினாரு. நல்ல காரியம்தான், பத்து ஊருக்குத் தண்ணி. ஆனா ஒச்சப்பன் ஊரு தண்ணிக்குள்ள போகணும். ராசா ஈவு இரக்கம் இல்லாதவரு இல்ல. யாரு வயலு மூழ்குதோ அவங்களுக்கு ஏரிக்குக் கீழ அதே அளவுக்கு வயலு, ஆளுக்கு மூணு கயிறு அகலம் நாலு கயிறு நீளம்னு ஓலை எழுதி அனுப்பிட்டாரு. அளந்து குடுக்குற பொறுப்பைத் தாண்டவராயன்ங்கிற அளவுகாரர்கிட்ட விட்டாரு.

தாண்டவராயன் பெரிய மனுசன். நெத்தி நிறைய விபூதி, பேச்சு நிறைய சக்கரை. வாய்க்கால் ஓரமா வரிசையா வயலுக போடணும். அந்த வரிசைக்குப் பின்னாடி இருக்குறது எல்லாம் அவரோட தோப்பு. அவரு என்ன பண்ணாரு, ஊரையே கூப்பிட்டு நிக்க வச்சு, எல்லாரு கண்ணு முன்னாடியும் கயிறு போட்டாரு. வாய்க்கால் ஓரத்துல நாலு கயிறு அளந்தாரு, சரியா இருந்துச்சு. அங்கயிருந்து பின்னாடி தோப்புப் பக்கம் மூணு கயிறு அளந்தாரு, சரியா இருந்துச்சு. பின்பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூணு, எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு சாண் கொறஞ்சா என்னைக் கேளுங்கன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு வயலுக்கும் ரெண்டு விரல் அகலம், ரெண்டு விரக்கடை கூடவே விட்டாரு. சனங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க.

எங்க தப்பு பண்ணாருன்னுதானே கேக்குற செவந்தி? பொறு. அவரு அளந்ததுல ஒரு தப்பும் இல்ல. எதை அளக்காம விட்டாருங்கிறதுதான் கதை.

சனங்க நட்டாங்க, களை எடுத்தாங்க, அறுத்தாங்க. புது மண்ணு, நல்ல மண்ணு. ஆனா நெல்லு கொறஞ்சுச்சு. ராசா பங்கு முழு வயலுக்குக் கணக்குப் பண்ணி வச்சதுல்ல, அதை எடுத்து வச்சுட்டுப் பாத்தா வீட்டுக்கு வரவேண்டியது வரல. பதிமூணு மூட்டை வரும்னு நினைச்ச எடத்துல பன்னெண்டுதான் வந்துச்சு.

இந்த இடத்துல எனக்கு எப்பவும் கோவம் வரும். ஏன்னா எல்லா வீட்டுலயும் கொறஞ்சுச்சு, ஆனா ஒரு வீட்டுலயும் வாயைத் திறந்து சொல்லல. நம்ம உழவுல கோளாறோ, நம்ம நடவுல கோளாறோ, வெளிய தெரிஞ்சா கேவலம்னு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சாப்பாட்டு நெல்லுல இருந்து எடுத்துப் போட்டு ராசா பங்கை நிறைச்சுட்டு, வெளிய வந்து நல்ல விளைச்சல்னு சொல்லிக்கிட்டாங்க. ஒச்சப்பனுக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் கிடையாதே. வந்ததுல விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் எப்பவும் போல எடுத்து வச்சுட்டு, மிச்சத்தை அப்படியே கொண்டு போய்க் கொட்டிட்டு, விளைச்சல் கொறைச்சல், இவ்வளவுதாங்க மிச்சம்னு நின்னான்.

தாண்டவராயன் நாலு பேரு கேக்குற மாதிரி பெருமூச்சு விட்டாரு. "ஒச்சப்பா, சோம்பேறி கையில நிலம் இருந்தா இப்படித்தான். அடுத்த போகமும் பங்கு கொறஞ்சா வயலு என் பொறுப்புக்கு வந்துரும், அது ராசா சட்டம், நான் என்ன செய்ய?" அப்படின்னாரு.

ஊரு சிரிச்சுச்சு. தன் வீட்டு நெல்லுல கைவச்சு நிறைச்சவங்களும் சேந்து சிரிச்சாங்க, அதுதான் கொடுமை. சிரிச்சா தன் வீட்டுக் குறை தெரியாதுன்னு நினைப்பு.

விருமாயி வெறுங்கூடையைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா. மூழ்குன வயலு மாமனாரு வச்சுட்டுப் போனது, அது போச்சு. இதுவும் போச்சுன்னா கூலிக்குத்தான் போகணும். வீட்டுக்கு வந்து புருசனைப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "நீங்க குறுக்க நடந்து நடந்தே நம்ம பொழைப்பைக் குறுக்கிட்டீங்க." சொல்லிட்டு அடுப்பைப் பாக்கத் திரும்பிட்டா. ஒச்சப்பனுக்கும் வலிச்சுச்சு. சோம்பேறின்னா வலிக்காதா என்ன, நல்லா வலிக்கும்.

மறுநாள் வயலுக்குப் போனான். அறுப்பு முடிஞ்சு வயலு சும்மா கிடக்கு. பழைய ஊர்ல மாதிரியே இங்கயும் மூலையில ஒரு அகத்திக் கன்னு நட்டிருந்தான், அது ஆளு உசரம் வளந்து நிக்குது. இந்தப் புது வயலுல பயிரு நின்னதால அதுவரைக்கும் அவன் குறுக்க நடந்ததே இல்ல. அன்னைக்குத்தான் மொத மொதல்ல இறங்கினான். மனசு சரியில்ல, பாட்டு மட்டும் வாயில தானா வருது, வெள்ளச்சி பின்னால வருது. ஒரு வரி பாடினான், ரெண்டு வரி பாடினான், மூணு, நாலு, அஞ்சு. 'கொழுந்து ஒடிச்சுத் தாரேன்'னு முடிச்சான்.

வெள்ளச்சி நின்னுருச்சு.

நட்ட நடு தாளுக்குள்ள நின்னுக்கிட்டு, தலையைத் தூக்கி, எங்க என் கொழுந்துன்னு கேக்குற மாதிரி 'மே'ங்குது. ஒச்சப்பன் நிமிந்து பாத்தான். அகத்தி இன்னும் தூரத்துல நிக்குது. கிட்டத்தட்ட இன்னொரு வரி தூரம் இருக்கு. பாட்டு முடிஞ்சு போச்சு, வயலு முடியல.

நான் மெதுவா நடந்துட்டேனோன்னு நினைச்சான். ஆட்டுக்குக் கொழுந்து போட்டுட்டு, வரப்புல ஏறி பாடிக்கிட்டே நடந்தான். சின்ன வரப்பு சரியா மூணு வரி. பெரிய வரப்பு சரியா நாலு வரி. காலும் சரி, வாயும் சரி. அப்புறம் இன்னொரு பக்கத்து மூலையில இருந்து அதுக்கு எதிர்மூலைக்குக் குறுக்க நடந்தான். நாலாவது வரி முடியறப்பவே வரப்பு வந்து காலை இடிச்சுருச்சு. ஒரு பக்கம் குறுக்க போனா ஆறு, இன்னொரு பக்கம் குறுக்க போனா நாலு. அஞ்சைக் காணோம். எங்க போச்சு அஞ்சு?

வீட்டுக்கு வந்து கட்டில்ல விழுந்தான். அந்தக் கட்டிலு பழசு, நாலு மூலையிலயும் முளை தளந்து போயி, படுத்தா ஒரு பக்கமா இழுத்துக்கும். சரி பண்ணுங்கன்னு விருமாயி சொல்லிச் சொல்லி அலுத்துட்டா. அன்னைக்கும் அவன் விழுந்த வேகத்துல கட்டிலு கோணிக்கிச்சு, கோணலா இழுத்த பாயி மாதிரி ஒரு மூலை நீண்டு போச்சு, இன்னொரு மூலை உள்ள வந்துருச்சு, அவன் ஒரு கையி வெளிய தொங்குது. நேரா இருந்தா ரெண்டு பேரு படுக்குற கட்டிலு, கோணிக்கிட்டா ஒருத்தனுக்கே பத்தாது. இத்தனை வருசமா அதுல படுத்தவன், அன்னைக்குத்தான் எந்திரிச்சு உக்காந்து அதை உத்துப் பாத்தான்.

"விருமாயி, இங்க வா புள்ள. இந்தக் கட்டிலோட சட்டம் நாலும் கொறஞ்சுருச்சா?"

"சட்டம் எப்படிங்க கொறையும்? கோணிக்கிச்சு, அவ்வளவுதான்."

"அப்ப எடம் மட்டும் எப்படிக் கொறஞ்சுச்சு?"

விருமாயி கையில கரண்டியோட அப்படியே நின்னா. அவ புத்திசாலி, ஒருதடவை சொன்னாப் போதும். கரண்டியைக் கீழ வச்சுட்டு, ஆட்டைக் கட்டுற கயித்தை எடுத்து வந்து மூலைக்கு மூலை பிடிச்சுப் பாத்தா. கோணின கட்டில்ல ஒரு குறுக்கு நீளம், ஒரு குறுக்கு குட்டை. கட்டிலைத் தள்ளி நேராக்கிப் பிடிச்சா ரெண்டு குறுக்கும் ஒண்ணு போல ஆச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க, பாத்துட்டு வயலுக்கு நடந்தாங்க.

இப்பச் சொல்றேன் கேளுங்க. தாண்டவராயன் மொத வரப்பைப் போடும்போதே வாய்க்காலுக்கு நேரா நிமித்திப் போடல, கொஞ்சம் சாய்ச்சுப் போட்டாரு. மூணு கயிறு மூணு கயிறுதான், ஆனா சாஞ்சு போன மூணு கயிறு தோப்பு வரைக்கும் எட்டாதுல்ல? நிமிந்து நிக்கிற ஆளும் சாஞ்சு நிக்கிற ஆளும் ஒரே உசரத்துக்கா இருப்பாங்க? அடுத்த வரப்பையும் அதே மாதிரி சாய்ச்சாரு, அதுக்கடுத்ததையும் சாய்ச்சாரு. எல்லா வரப்பும் ஒண்ணு போல சாஞ்சா ஒருத்தன் கண்ணுக்கும் உறுத்தாது. பக்கத்து வயலைப் பாத்தா தன் வயலு மாதிரியே இருக்கும். அப்படிச் சாய்ச்சதுல வரிசை முழுசுக்கும் பின்னாடி ஒரு பட்டை நிலம் மிச்சமாச்சு. அந்தப் பட்டையில அவரு தென்னங்கன்னு வச்சு, அதுவும் குருத்து விட்டு ஆடுது. ஊர்ச் சோறு அங்க நின்னு ஆடுது.

விருமாயி சும்மா இருக்கல. மறுநாளு வாய்க்கால்ல துணி துவைக்கப் போனவ, மொத பொம்பளைகிட்ட உங்க வீட்டுல நெல்லு கொறஞ்சுச்சான்னு கேட்டா. அதெல்லாம் இல்லன்னு அவ துணியைப் பிழிஞ்சா. ரெண்டாவது பொம்பளைகிட்ட கேட்டா, அவ கேக்காத மாதிரி இருந்துட்டா. மூணாவதா ஒரு வயசான அம்மா, பேரு அங்கம்மா, அவகிட்ட கேட்டா. அங்கம்மா துவைக்கிறதை நிறுத்திட்டு, "விதைநெல்லுல கைவச்சுட்டோம் தாயி, யாருக்கும் சொல்லாத"ன்னு சொல்லிட்டு அழுதுட்டா. அவ அழுததும் மொதல்ல இல்லன்னவளும் அழுதா, கேக்காத மாதிரி இருந்தவளும் அழுதா. அன்னைக்குத் துணி ஒழுங்கா வெளுக்கல, ஆனா ஊரு வெளுத்துச்சு.

ஆனா விருமாயிக்கு ஒரு விசயம் மட்டும் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நேரா இருக்குற வயலுக்கு மூணும் நாலும் பக்கம்னா குறுக்கு ஏன் அஞ்சு? நாலரையா இருக்கக் கூடாதா? இவரு பாடுறாரு, ஆடு நிக்கிதுன்னு ராசாகிட்டப் போய் சொல்ல முடியுமா? நெல்லு குத்தும்போது யோசிச்சா, மாவு அரைக்கும்போது யோசிச்சா, புளி கொட்டை எடுக்கும்போது யோசிச்சா. அப்பத்தான் கொட்டையை எடுத்துத் தரையில அடுக்கிப் பாத்தா. மூணு வரிசை, வரிசைக்கு மூணு, அது ஒம்பது. நாலு வரிசை, வரிசைக்கு நாலு, அது பதினாறு. ரெண்டையும் ஒண்ணா வாரி, அஞ்சு வரிசையா வரிசைக்கு அஞ்சா அடுக்கினா. ஒரு கொட்டை மிஞ்சல, ஒரு கொட்டை கொறையல. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. யாரோ தனக்குன்னு ஒளிச்சு வச்சதைக் கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

அந்தச் சமயம் ராசா ஏரியைப் பாக்க வந்தாரு. மதகுக்குப் பக்கத்துல புளியமரத்தடியில உக்காந்து சனங்க குறையைக் கேட்டாரு. ஒச்சப்பன் தலையில கட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான். அவன் கட்டிலைப் பாத்ததும் ஊரே சிரிச்சுச்சு, ராசா முன்னாடியும் தூங்கத்தான் வந்துட்டான்னு. ராசாவும் என்னப்பா இதுன்னு கேட்டாரு. எங்க எல்லாருக்கும் நிலம் கொறைச்சலா வந்திருக்கு மகாராசான்னு ஒச்சப்பன் சொன்னான்.

தாண்டவராயன் பதறல. கயித்தைக் கொண்டு வந்து ராசா காலடியில வச்சாரு. அளந்து பாக்கட்டும், ஒரு சாண் கொறஞ்சா என் தலையை எடுத்துக்கங்கன்னாரு. ராசா ஆளுங்க ஒச்சப்பன் வயலை அளந்தாங்க, மூணும் நாலும் சரி. அங்கம்மா வயலை அளந்தாங்க, மூணும் நாலும் சரி. கடைசி வயலை அளந்தாங்க, மூணும் நாலும் சரி, ரெண்டு விரக்கடை கூட. ராசா முகம் கறுத்துப் போச்சு. பொய்ப் புகாருன்னா தண்டனை உண்டு தெரியுமான்னு கேட்டாரு.

ஒச்சப்பன் கட்டிலோட கயித்தை அவுத்துட்டு, வெறும் சட்டத்தைத் தரையில வச்சான். நேரா நிமித்தி வச்சுட்டு, அங்க நின்ன பிள்ளைகளை உள்ள வந்து நிக்கச் சொன்னான். எட்டுப் பிள்ளைக நெருக்கி நின்னாங்க. அப்புறம் ஒரு மூலையைப் பிடிச்சு மெதுவாத் தள்ளினான், ஒரு பிள்ளை வெளிய வந்துருச்சு. இன்னும் தள்ளினான், நாலு பிள்ளைக வெளிய வந்துருச்சு. முழுசாத் தள்ளினான், சட்டமும் சட்டமும் ஒட்டிக்கிச்சு, உள்ள கால் வைக்கக் கூட எடமில்ல.

"மகாராசா, நாலு சட்டமும் அப்படியேதான் இருக்கு. பிள்ளைகளைத்தான் காணோம்." அவ்வளவுதான் சொன்னான்.

யாரும் சிரிக்கல. ராசா எந்திரிச்சு வந்து சட்டத்தைத் தானே தள்ளிப் பாத்தாரு, திருப்பித் தள்ளிப் பாத்தாரு. தாண்டவராயன் விடுவாரா? நேரா இருக்கணும்னு ஓலையில எங்க இருக்குன்னு கேட்டாரு. ஓலையில நீளம் இருந்துச்சு, அகலம் இருந்துச்சு, மூலையைப் பத்தி ஒரு சொல்லும் இல்ல. அந்தத் தப்பு என்னோடதுன்னு ராசா எல்லாரு முன்னாடியும் ஒத்துக்கிட்டாரு, அதுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அப்புறம் ஒச்சப்பனைப் பாத்து, வயலு கட்டிலு மாதிரி கோணியிருக்குன்னு எதை வச்சுச் சொல்றன்னு கேட்டாரு.

மூணும் நாலும் பக்கமா இருந்து மூலை நேரா இருந்தா குறுக்கு அஞ்சு இருக்கணும் மகாராசா, எங்க வயலுல அஞ்சு இல்லன்னான். ஆட்டுப் பாட்டுக் கணக்கா இதுன்னு தாண்டவராயன் கேலி பண்ணாரு. அப்ப விருமாயி முன்னாடி வந்து, மடியில இருந்த புளியங்கொட்டையை எடுத்து ராசா முன்னாடி அடுக்கினா. ஒம்பதும் பதினாறும் இருபத்தஞ்சு ஆனதை எல்லாரும் பாத்தாங்க. சரி, கொட்டை ஒத்துக்கிச்சு, தரை ஒத்துக்குமான்னு ராசா கேட்டாரு. அவரோட கொத்தனாருங்க கட்டின களஞ்சியத்து மூலையில ஒரு பக்கம் மூணு முழம், ஒரு பக்கம் நாலு முழம் அளந்து குறுக்க பிடிச்சாங்க, அஞ்சு முழம். கோயில் மண்டபத்து மூலையில பிடிச்சாங்க, அஞ்சு முழம். மதகுத் தொட்டி மூலையில பிடிச்சாங்க, அதுவும் அஞ்சு முழம்.

ராசாவுக்கு ஆசை வந்துருச்சு. அந்தக் களஞ்சியத்துக்குச் சன்னலு எட்டு முழ உசரத்துல, கீழ தவிட்டுத் தொட்டி இருக்குறதால ஏணியை ஆறு முழம் தள்ளித்தான் ஊன முடியும். நாலு ஏணி செஞ்சும் ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, ஒண்ணும் சேரலயாம். ஏணி எவ்வளவு வேணும்னு விருமாயியைக் கேட்டாரு. அவ கொட்டைய அடுக்கினா. ஆறுக்கு ஆறு முப்பத்தாறு, எட்டுக்கு எட்டு அறுபத்துநாலு, ரெண்டும் சேந்து நூறு. நூறை அடுக்கினா பத்துக்குப் பத்து. பத்து முழம் மகாராசான்னா. பத்து முழத்துல மூங்கில் வெட்டிச் சாத்தினாங்க, சன்னலு விளிம்புல போய்ச் சரியா உக்காந்துச்சு.

அதுக்கப்புறம் அளவுக் கயித்தைக் கொண்டு போய் ஒச்சப்பன் வயலுல குறுக்க பிடிச்சாங்க. ஒரு பக்கம் ஆறுக்குக் கொஞ்சம் கொறைச்சல், ஒரு பக்கம் நாலு. அங்கம்மா வயலுலயும் அப்படியே, கடைசி வயலுலயும் அப்படியே. தாண்டவராயன் மூஞ்சியில விபூதி மட்டும்தான் வெளுப்பா இருந்துச்சுன்னு நினைச்சுக்காதீங்க, மூஞ்சியே வெளுத்துப் போச்சு. கயிறு தவறிடுச்சு மகாராசா, மன்னிக்கணும்னு கால்ல விழுந்தாரு. எல்லாக் கயிறுமா ஒரே பக்கம் தவறும்னு கேட்டாரு ராசா.

அப்புறம் ராசா கோவப்படாம, நிதானமா தீர்ப்புச் சொன்னாரு. "தாண்டவராயா, உன் தலை எனக்கு வேணாம். வரப்பை எல்லாம் நிமித்தி, அந்தப் பட்டையை இவங்களுக்குக் குடுத்துரு. உன் தோப்புக்குப் பதிலா நீ அளந்த அதே முறையில உனக்கும் ஒரு நிலம் தாரேன், மூணு கயிறு அகலம், நாலு கயிறு நீளம். ஒரு சாண் கொறைக்க மாட்டேன். ரெண்டு விரக்கடை கூடவே எடுத்துக்க. மூலையை மட்டும் நான் தள்ளிக்கிறேன்."

எப்படித் தள்ளினாரு தெரியுமா? ஒச்சப்பன் கட்டிலைத் தள்ளின மாதிரி, முழுசாத் தள்ளிட்டாரு. தாண்டவராயன் நிலம் நாலு பக்கமும் சரி, யாரு வேணா அளந்து பாத்துக்கலாம். ஆனா நடுவுல நின்னா ஒரு கால் இந்த வரப்புல, ஒரு கால் அந்த வரப்புல. வீடு கட்ட எடமில்ல, தென்னை வைக்க எடமில்ல, அவரு பொண்டாட்டி அடுப்பு எங்க வைக்கன்னு கேட்டு நின்னா. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போகணும்னா ஏழு கயிறும் நடந்தே தீரணும். ஊர்ல எல்லாருக்கும் குறுக்கு வழி இருந்துச்சு, அவருக்கு மட்டும் இல்ல.

ஊருக்காரங்க வரப்பை நிமித்தினாங்க. மூலைக்கு மூலை கயிறு பிடிச்சு, மூணு, நாலு, அஞ்சுன்னு சத்தமாச் சொல்லி ஒவ்வொரு மூலையா ஊனினாங்க. அதுல இருந்து அந்தப் பக்கத்துல வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனாலும் சரி, பந்தக்கால் நட்டாலும் சரி, மொதல்ல மூணு நாலு அஞ்சு பிடிச்சுப் பாத்துட்டுத்தான் மறுவேலை. சிரிச்சவங்க ஒருத்தரும் ஒச்சப்பன்கிட்ட மன்னிப்புக் கேக்கல. மனுசங்க அப்படித்தான். ஆனா அவன் வயலுக்கு மட்டும் அவன் கேக்காமலே நாலு பேரு வந்து வரப்புப் போட்டுக் குடுத்தாங்க, அதுதான் அவங்க கேட்ட மன்னிப்பு.

அடுத்த போகம் பங்கை அளந்துட்டு, வீட்டுக்கும் நிறைய நெல்லு வந்துச்சு. அறுப்பு முடிஞ்ச அன்னைக்கு வாமடைக்கிட்ட ஒச்சப்பன் நின்னான், வழக்கம் போல குறுக்க இறங்கினான், வெள்ளச்சி பின்னால இறங்குச்சு. வரப்புல ரெண்டு எட்டு வச்ச விருமாயி நின்னா, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு அவளும் குறுக்க இறங்கிட்டா.

"ஏன் புள்ள, கால்ல தாளு குத்துமே."

"குத்தட்டும். நீங்க பாடுங்க, வயலு சரியா இருக்கான்னு நானும் பாக்கணும்ல."

அவன் பாடினான், அவளும் சேந்து பாடினா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது வரி முடிஞ்சுச்சு, வெள்ளச்சி நின்னுச்சு, நின்ன எடத்துல இடம் மாத்தி நட்ட அகத்தி நின்னுச்சு. அன்னைக்குக் கொழுந்து ஒடிச்சுப் போட்டது விருமாயி.

அவ்வளவுதான். நாலு பக்கமும் சரியா இருக்குன்னு யாராவது காட்டினா, மூலைக்கு மூலை ஒரு தடவை நடந்து பாத்துட்டு ஒத்துக்கங்க. கதைக்கு நாலு மூலையும் நேராச்சு, கண்ணுக்குத் தூக்கம் குறுக்க வந்தாச்சு. பரமா, பாயைக் கோணலா இழுக்காத, செவந்திக்கு எடம் பத்தல பாரு.